பிஸ்கற் பெல்ட்டில் ஒரு ஜனாதிபதி வேட்பாளர்

பிஸ்கற் பெட்டி அடுக்குகிற வேலையில் மூளைக்கு முழு ஓய்வு, இடுப்புக்குத்தான் இல்லை. பெட்டிகள் ஓடிவருகிற பெல்ட்டுக்கு முன்னால் நின்று கால் வீங்கின ஆக்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. பள்ளிக்கூடத்தை இடையில் விட்டுவிட்டு டென்மார்க்கின் கிரின்ஸ்டெட்டில் இந்த வேலைக்கு வந்தவள் நான். யாரும் துரத்தவில்லை, நானேதான் விட்டேன். எனக்குப் பக்கத்தில் நின்று அடுக்கியவர் ஜோனா. ஆபிரிக்காவில் ஒரு எதிர்க்கட்சிக்காரர். ஒருமுறை ஜனாதிபதித் தேர்தலில் நின்று தோற்று, உயிர் தப்பி வந்தவர். திரும்பவும் நிற்கப் போகிறேன் என்றார்.

தொப்பி

சாப்பாட்டு இடைவேளையில் அவருடைய பேச்சை என் போனில் எடுத்து அவரின் கட்சிக்கு அனுப்புவது நான்தான். முதல் வீடியோவில் "என் மக்களே!" என்று கையை உயர்த்தினார். தலையில், பிஸ்கற்றில் மயிர் விழாமல் போடுகிற வலைத் தொப்பி. நான் கவனிக்கவேயில்லை, அனுப்பிவிட்டேன். எங்கள் மேற்பார்வையாளர் கிர்ஸ்டன் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னா:

"தொப்பி சரி. தாடிக்கும் வலை போடவேணும். ஜனாதிபதிக்கும் அதே சட்டம்தான்."

நாற்பது நிமிடம்

இடைவேளை அரை மணித்தியாலம். அவருடைய பேச்சு நாற்பது நிமிடம். "மிச்சத்தை நாளைக்குச் சொல்லுங்கோ, பெல்ட் ஓடப் போகுது. எனக்கே நித்திரை வருது" என்று போனை மூடினேன். கோபிப்பார் என்று நினைத்தேன், விழுந்து விழுந்து சிரித்தார். அதே தொழிற்சாலையில் வேலை செய்கிற என் அம்மா கூப்பிடுவதைக் கேட்டு அவரும் என்னைப் "பிள்ளை" என்றுதான் கூப்பிடுவார்.

"போன தேர்தலிலை இதைச் சொல்ல எனக்கு ஒருத்தரும் இருக்கேல்லை, பிள்ளை."

கேக்கில் கொடி

இங்கே பிறந்தநாள் என்றால் கேக்கில் டென்மார்க் கொடி குத்துவது வழக்கம். ஜோனாவின் கேக்கிலும் பத்துக் கொடி குத்தி, வீடியோ எடுத்து அனுப்பினேன். அடுத்த நாள் அவருடைய நாட்டு ஆளும் கட்சி அதைப் பிடித்துக்கொண்டது: "பாருங்கள், இவர் டென்மார்க் பிரசை! வேட்புமனுவே போட முடியாது!"

அந்தக் கிழமைதான் அவருடைய கட்சி வேட்பாளரைத் தெரிவு செய்யவிருந்தது. அதற்காகவே இத்தனை வருடமும் இங்கத்தைப் பிரசாவுரிமையை வேண்டாம் என்று இருந்த மனுசன். ஒரு கேக்கால் எல்லாம் போகப் பார்த்தது. பிழை என்னுடையது, அவரிடமே சொன்னேன். அடுத்த நாள் அவர் கடவுச்சீட்டோடு வேலைக்கு வந்தார்.

இடைவேளையில் புது வீடியோ எடுத்தேன். ஜோனா தன் நாட்டுக் கடவுச்சீட்டைத் தூக்கிக் காட்டினார். பக்கத்தில் நின்ற கிர்ஸ்டன் கமராவைப் பார்த்துச் சொன்னதுதான் அங்கே ஊரெல்லாம் ஓடியது:

"இது பிரசாவுரிமை இல்லை, கேக்கிலை குத்துற கடதாசி. போன கிழமை எங்கட பூனையின்ரை பிறந்தநாள் கேக்கிலும் குத்தினனாங்கள்."

கடைசி நாள்

கட்சி அவரையே தெரிவு செய்தது! பெல்ட் முழுக்கக் கைதட்டல். அம்மா அழுதா, நான் விசில் அடித்தேன். தேர்தலுக்கு ஊர் போகிறவரை வழியனுப்பும் கேக்கில் இந்த முறை அவருடைய நாட்டுக் கொடி, நானே இரண்டு தரம் பார்த்துக் குத்தினேன். தாடிக்கும் வலை போட்டபடி வெட்டினார். கிர்ஸ்டன் கை கொடுத்தா:

"தோத்தால் திங்கள் காலமை ஆறு மணிக்கு இங்கை நில்லும். வெண்டால் ஒரு போன் எடும், உம்மட இடத்துக்கு வேறை ஆளைப் போடவேணும்."

ஒரு நாட்டையே தூக்கி நிறுத்தப் போகிற மனுசன், பெட்டி அடுக்குவதில் மட்டும் கடைசிவரை என்னைவிட மெதுவுதான்.