தாழாத கை

ஞாயிறுதோறும் மாலை ஆறு மணிக்கு எங்கள் இணையக் கூட்டம் தொடங்கும். ஒரு சொல்லைத் தட்டினால் அது வரும் பழைய பக்திப் பாடல்களையெல்லாம் எடுத்துத் தரும் மென்பொருள் ஒன்றைச் சுமார் இருபது பேர் ஊதியமின்றி எழுதிவருகிறோம். யாரும் எடுத்தாளலாம், யாரும் திருத்தலாம். எனக்குப் பாட்டு தெரியும், நிரல் தெரியாது. ஆகவே கூட்டத்தைக் கூட்டி நடத்தும் பொறுப்பு என்னிடம் வந்தது. பெரிய காஞ்சிபுரத்தில் என் வீட்டுப் பூசையறையை ஒட்டிய அறையில் அமர்ந்து நடத்துகிறேன்.

ஆறு மணி என்று குறித்தவனும் நானே. ஞாயிறு நாலரை முதல் ஆறு வரை ராகு காலம். அந்த வேளையில் நல்ல காரியம் தொடங்குவது எங்கள் வீட்டு வழக்கமன்று.

அதனால் இடர்ப்பட்டவர் ஒருவர் மட்டுமே. தாமல் பக்கத்துக்காரர், கிறித்தவர், நாற்பது வயதைக் கடந்தவர். தொழிற்சாலையில் இரவுப் பணி. பாட்டில் சேர்ந்து நிற்கும் சொற்களைப் பிரித்துத் தேடலுக்குக் கொடுக்கும் பகுதி அவர் எழுதியது. அது இல்லையென்றால் பாதிப் பாட்டு அகப்படாது. “எங்க கோயில் கீர்த்தனைக்கும் இதையே வெச்சிக்கலாமில்லீங்களா” என்று கேட்டுத்தான் எங்களோடு சேர்ந்தார். உண்மைப் பெயரை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. திரையில் அவர் பெயர் ‘நாரை’. ஆறு மணிக்குச் சற்று முன்பாகக் கம்பெனிப் பேருந்தில் ஏறுவார்; எங்கள் கூட்டத்துக்குப் பேருந்திலிருந்துதான் வருவார். காற்றிரைச்சலும் ஹாரன் ஒலியுமாக அவர் பேச்சு துண்டு துண்டாக விழும். “ஐயா, நான் பேசுறது கேக்குதா?” என்பதே அவர் அடிக்கடி சொன்ன வாக்கியம்.

“நாலரைக்கு வெச்சீங்கன்னா வூட்லேர்ந்தே பேசுவேன் ஐயா” என்று இரண்டு முறை கேட்டார்.

“அது ராகு காலம் தம்பி.”

“எங்க தெருவுக்கு பஸ்ஸே ஒழுங்கா வர்றதில்ல. ராகு எங்கேர்ந்து ஐயா வரப்போறாரு?”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நேரத்தை மாற்றவில்லை. அடியாரை நாளும் கோளும் தீண்டா என்று விடியற்காலையில் ஓதிவிட்டு, மாலையில் பஞ்சாங்கத்தைப் பிரிப்பதில் எனக்கு அன்று முரண் ஏதும் தோன்றவில்லை.

கூட்டத்துக்கென ஒரு வழக்கம் உண்டு. தொடக்கத்தில் நான் ஒரு பாட்டுப் பாடுவேன். ஒருமுறை நடுவே யார் வீட்டுக் குக்கரோ கூவியது. அதன் பின் பாடும்போது எல்லாருடைய ஒலியையும் அடைத்துவிடுவேன். நான் திறந்தாலொழிய அவர்களால் திறக்க முடியாது. எழுதி அனுப்பும் பகுதியையும் மூடிவிட்டேன். பேச விரும்புகிறவர் உயர்த்துவதற்கென்று திரையில் மஞ்சள் நிறக் கை ஒன்று இருக்கிறதல்லவா? சந்நிதியில் தலைமேல் கை குவிப்பதற்கு ஈடாக, எங்கள் அன்பர்கள் பாட்டு முடியும்வரை அதை உயர்த்தி வைப்பார்கள். முடிந்ததும் ஒரே பொத்தானால் எல்லாக் கைகளையும் இறக்கி, எல்லாருக்கும் ஒலியைத் திறப்பேன். பிந்தி வருகிறவருக்குத் தனியே திறக்க வேண்டும். பிந்தி வந்தாலும் சிறிது நேரம் கையை உயர்த்தி வைப்பதைச் சிலர் முறையாகக் கொண்டிருந்தார்கள்.

ஒரு ஞாயிறன்று நாரையின் பகுதியை வேறொருவரிடம் ஒப்படைப்பது பற்றிப் பேச வேண்டியிருந்தது. அவர் பேச்சு புரிவதில்லை, திருத்தங்கள் தேங்குகின்றன என்று குறை. பாட்டு முடிந்து ஒலியைத் திறந்த பிறகுதான் திரையில் அவர் முகம் தெரியும் சதுரம் தோன்றியது. மஞ்சள் கை உயர்ந்தது. பாட்டைத் தவறவிட்டவர் வணங்குகிறார் என்று எண்ணினேன். வணங்கும் கையை நான் இறக்கலாமா என்று விட்டுவிட்டேன். அவர் ஒலி இன்னும் அடைபட்டிருப்பது நினைவுக்கு வரவில்லை.

“மறுப்பு உண்டா?” என்று மூன்று முறை கேட்டேன். நிசப்தம். மௌனம் சம்மதம் என்று குறிப்பில் எழுதச் சொன்னேன்.

குறிப்பெழுதுபவர் எங்கள் ஊர்ப் பெண்மணி. பட்டுப் புடவைக் கரைக்கு வரைபடம் போடுகிறவர். பத்து நாள் கழித்து அன்றைய கூட்டத்தின் காணொளிப் பதிவை மறுபடி பார்த்தவர், கணினியைத் தூக்கிக்கொண்டு நேரே என் வீட்டுக்கு வந்தார்.

“ஐயா, இங்க பாருங்களேன். இவரு வாய் அசையுது.”

“பாடிக்கொண்டிருப்பாரம்மா.”

“பாட்டு முடிஞ்சி எவ்ளோ நேரமாச்சு! இன்னுமா பாடிக்கினு இருப்பாரு? நீங்க மறுப்பு இருக்குதான்னு கேக்கறப்பல்லாம் வேகமா பேசறாரு பாருங்க.”

பார்த்தேன். சன்னல் வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்து விழுந்து நகர்ந்தது. வாய் திறந்து மூடியது. செல்பேசியை முகத்தருகே கொண்டுவந்தார். மறுபடி பேசினார்.

“என்னம்மா சொல்கிறார்?”

“முதல்ல ‘ஐயா’ன்றாரு. அது தெரியுது. அப்பறம் ஒண்ணும் தெரியல.”

மின்னஞ்சல்கள் எழுதினேன். பதில் இல்லை. கூட்டத்துக்கு அவர் பிறகு வரவே இல்லை. ஒரு ஞாயிறு கூட்டத்தை நிறுத்திவிட்டுத் தாமலுக்குச் சென்றேன். ஏரியில் நீர் நிறைந்திருந்தது. பேருந்து நிற்குமிடத்தில் இருந்த தேநீர்க் கடைக்காரரிடம் என்ன பெயர் சொல்லி விசாரிப்பது? ‘நாரை’ என்றேன்.

“ஏரிக்குப் போனீங்கன்னா நெறைய இருக்குதுங்க” என்றார் அவர்.

கம்பெனிப் பேருந்து வந்தது. பத்துப் பேர் ஏறினார்கள். உள்ளங்கை அளவு சதுரத்தில் மட்டுமே பார்த்த முகம். ஒவ்வொரு முகத்திலும் அதைத் தேடினேன், எல்லா முகத்திலும் சிறிது இருந்தது. சன்னலோரம் அமர்ந்த ஒருவர் என்னைப் பார்த்தார். நான் கையை உயர்த்தினேன். வண்டி நகர்ந்துவிட்டது.

அதன் பின் ஓதுவது கடினமாயிற்று. எந்தப் பாட்டை எடுத்தாலும் அடியவன் தன் குரலுக்குச் செவிசாய்க்கும்படி மன்றாடுகிறான். எழுபது ஆண்டுகளாக நான் அந்தப் பக்கம் நின்றவன். செவிகொடுக்கும் இடத்தில் ஒரு மணி நேரம் அமர்த்தப்பட்டேன். எதிரே ஒருவர் முறையிட்டதைப் பக்தி என்று கருதி மகிழ்ந்திருந்தேன். இப்போது ஏகம்பன் சந்நிதியில் நான் வாய் திறக்கும்போதெல்லாம் அந்தச் சதுரத்தில் என் முகம் தெரிகிறது.

கூட்டத்தை நாலரைக்கு மாற்றினேன்.

“ராகு காலமாச்சே ஐயா!” என்றார் குறிப்பெழுதுபவர்.

“இருக்கட்டும் அம்மா.”

இப்போது யார் ஒலியையும் அடைப்பதில்லை. பாட்டின் நடுவே குக்கர் கூவுகிறது, கதவு அறைகிறது. கைகளை ஒரே பொத்தானால் இறக்குவதும் இல்லை. ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்து, பேச வேண்டுமா, வணங்கினீர்களா என்று கேட்ட பிறகே இறக்குகிறேன். கடைசியில் நாரை என்றும் அழைக்கிறேன். அப்படி ஒரு சதுரம் திரையில் இல்லை என்பதை எல்லாரும் அறிவார்கள், ஆயினும் காத்திருக்கிறார்கள். சில ஞாயிறுகளில் அந்த இடைவெளியில் எங்கிருந்தோ ஒரு பேருந்தின் இரைச்சல் வருகிறது. யார் வீட்டுத் தெருவில் என்று கேட்டால் எவரும் தம்முடையது என்பதில்லை.

“கேக்குதுப்பா, சொல்லு” என்கிறேன்.