கீல் திறக்கும்வரை

எங்கள் செயற்கைக்கோள் வெளிநாட்டு ஏவுதளத்திலிருந்து கிளம்பிய அன்று காலை, நான் கொடைக்கானலுக்கு மேலே எங்கள் ஊரில், பூண்டு வயலின் வரப்பில் போனும் கையுமாக நின்றுகொண்டிருந்தேன். என் குழுவில் மற்ற எல்லோரும் அங்கே போயிருந்தார்கள். பயணத்துக்கு முந்தின வாரம் அம்மா ஈர வரப்பில் வழுக்கி விழுந்து வலது கையை முறித்துக்கொண்டதால் நான் இங்கே. யார்மீதும் காட்ட முடியாத கோபம் அது. அதனால் அம்மாமீதே எரிந்து எரிந்து விழுந்தேன்.

உண்மையில் கோபத்துக்கு அடியில் கிடந்தது பயம். தொலைத்தொடர்புக்கான அந்தச் செயற்கைக்கோளின் சூரியத் தகடுகள் மேலே போனதும் விரிய வேண்டும். அவற்றை விரிக்கிற கீல்கள் என் பொறுப்பு. கடைசிச் சோதனையில் ஒரு கீல் மற்றவற்றைவிடக் கொஞ்சம் பிந்தித் திறந்தது. அனுமதித்த அளவுக்குள்தான் இருந்தது. கழற்றிப் பார்த்தால் ஏவுகிற நாள் தள்ளிப்போகும். கையெழுத்துப் போட்டுவிட்டேன். தகடு விரியாவிட்டால் மின்சாரம் கிடையாது. அத்தனை பேர் உழைப்பும் மேலே வெறும் இரும்பாகச் சுற்றிக்கொண்டிருக்கும்.

வீட்டுக்குள் சிக்னல் வராது; மேல் வரப்பில்தான் இரண்டு கோடு தெரியும். அம்மா கட்டுப்போட்ட கையோடு பக்கத்தில் வந்து நின்றாள். போன் திரையில் ராக்கெட் எழும்பியது.

"போயிருச்சா?"

"போகுதும்மா."

சில நிமிடங்களில் திரையின் ஒரு பாதியில், ராக்கெட்டின் கீழ்ப்பகுதி நெருப்பைக் கக்கியபடி கடலில் நின்ற மிதவையின் மேல் வந்து இறங்கியது. அங்கே ஒரே கைதட்டல். இங்கே அம்மாவின் முகம் செத்துப்போனது.

"ஏலே, என்னடா இது, போனது திரும்பி வந்துருச்சே!"

"வரணும்மா. கீழ இருக்குறது மட்டும் வரும். அதையே மறுபடி வச்சு அடுத்ததை அனுப்புவாங்க. நம்மளோடது மேல போய்க்கிட்டுத்தான் இருக்கு."

அவளுக்கு அது ஏறவில்லை. எங்கள் பக்கம், வாசல் தாண்டியவர் எதையாவது மறந்து திரும்பி வந்தால், உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும். பூண்டு மூட்டை ஏற்றிக் கிளம்பின ஜீப்காரரைக்கூட அம்மா அப்படி இறக்கி உட்கார வைத்திருக்கிறாள். ராக்கெட்டை உட்கார வைக்க வழியில்லை. வீட்டுக்குப் போய் இடது கையில் செம்பைத் தூக்கிக்கொண்டு வந்து என்னைப் பிடித்தாள்.

"நீ உக்காந்து குடி. உஞ்சோலிதான அது?"

வேறொரு நாளாக இருந்தால் கேலி செய்திருப்பேன். அன்று வரப்பிலேயே உட்கார்ந்து முழுச் செம்பையும் குடித்தேன். படித்த படிப்பெல்லாம் எங்கே போனதோ.

செயற்கைக்கோள் ராக்கெட்டிலிருந்து பிரிந்துவிட்டது என்று அங்கே போயிருந்த நண்பனிடமிருந்து செய்தி வந்தது. தகடுகள் விரிய இன்னும் நேரம் இருந்தது. களை பிடுங்கப் போனேன். களையோடு நாலைந்து பூண்டுச் செடியும் வந்தது. அம்மா பார்த்தாள், திட்டவில்லை. வரப்பில் ஏறுவேன், போனைப் பார்ப்பேன், இறங்குவேன். மேகம் வந்து வயலை மூடியது. இருந்த இரண்டு கோடும் போயிற்று. போனை ஓடைக்குள் வீசிவிடலாம் போலிருந்தது.

வெயில் ஏறிய பிறகு ஒரு வரி வந்தது. எல்லாத் தகடுகளும் விரிந்துவிட்டன, மின்சாரம் வருகிறது. நான் கத்தினேன், சிரித்தேன், அழுதும்விட்டேன். அம்மாவும் சிரித்தாள். அப்புறம் கேட்டாள்.

"இம்புட்டுப் பேரு பாத்த வேலைதான? நீ மட்டும் ஏண்டா மூணு நாளாச் சோறு எறங்காமத் திரிஞ்ச?"

சந்தோஷத்தில் வாய் திறந்துவிட்டது. கீலைப் பற்றிச் சொன்னேன். அளவுக்குள்தான் இருந்தது என்பதை இரண்டு முறை சொன்னேன்.

"அளவு சரி. ஒனக்குச் சரியாப் பட்டுச்சா?"

"இல்லம்மா."

"யாருகிட்டயாச்சும் சொன்னியா?"

நான் போனில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்தேன். அவள் குனிந்து இடது கையால் களை பிடுங்கத் தொடங்கினாள்.

குழுவிலிருந்து வாழ்த்துகள் வந்துகொண்டே இருந்தன. உன் கீல்கள் பிரமாதம் என்று ஒருவர் எழுதியிருந்தார். அடுத்த செயற்கைக்கோளுக்கும் அதே வகைக் கீல்தான், பொருத்தியும் ஆகிவிட்டது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் யாரும் என்னை எதுவும் கேட்கப்போவதில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. மேல் வரப்புக்கு ஏறி எங்கள் குழுத் தலைவரை அழைத்தேன். எடுத்ததுமே அவர் என்னைப் பாராட்ட ஆரம்பித்தார்.

"சார், அதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றேன்.