கட்டைவிரலால் ஓடிய வண்டி

இருசப்பனுக்குப் பயம் வந்தால் முதலில் உள்ளங்கைதான் வியர்க்கும். வேட்டியில் துடைப்பான், மறுபடி வியர்க்கும். 1958-ஆம் வருடம் மாசி மாதம் முழுக்க அவன் வேட்டியின் தொடைப்பக்கம் ஈரமாகவே இருந்தது.

அவன் ஒன்றும் கோழை இல்லை. முப்பத்தெட்டு வயது. அரிசி மண்டியில் மூட்டை அடுக்குகிற உடம்பு. அதற்கு முன்னால் பதினேழு வருடம், புதுச்சேரி கடற்கரைப் பக்கம் ஒரு துரை வீட்டில் புஷ்புஷ் வண்டி தள்ளியவன். சின்னச் சக்கரங்களின் மேல் ஒரு நாற்காலி வைத்தாற்போல் இருக்கும் அந்த வண்டி. உட்கார்ந்திருப்பவர் முன்னாலிருக்கும் கம்பியைப் பிடித்து வண்டியைத் திருப்புவார். பின்னால் ஒரு குறுக்குக் கட்டை. அதைப் பிடித்து ஆள் தள்ள வேண்டும். எந்தப் பக்கம் போவது என்பது உட்கார்ந்தவர் பாடு. எவ்வளவு வேகம், எங்கே நிற்பது என்பது தள்ளுகிறவன் பாடு. பிரேக் என்று ஒன்று கிடையாது. குறுக்கே மாடு வந்தால் குதிகாலை ஊன்றி, கட்டையைத் தன் வயிற்றை நோக்கி இழுத்துப் பிடிப்பதுதான் பிரேக். துரை ஐம்பத்து நாலில் கப்பல் ஏறும் வரை ஒருதரம்கூட அவரை இருசப்பன் கீழே கொட்டியதில்லை.

இப்போது பயம் வந்தது மனைவியால்.

அஞ்சலாட்சி பிரசவ ஆஸ்பத்திரியில் வார்டு கூட்டுகிற வேலைக்குச் சேர்ந்தவள். பார்த்துப் பார்த்துக் கற்று, முப்பது வயதில் பரீட்சை எழுதி மருத்துவச்சி ஆனாள். வாரத்தில் மூன்று நாள் டவுன் ஆஸ்பத்திரியில் வேலை. மற்ற நாளில் சேதராப்பட்டும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும் அவள் பொறுப்பு. பஸ் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. வலி எடுத்தவள் பஸ் நேரம் பார்த்தா எடுப்பாள்? தை மாதத்தில் ஒருதரம் அஞ்சலாட்சி போய்ச் சேருவதற்கு முன்பே குழந்தை பிறந்து, அவள் போய்ச் சேருவதற்கு முன்பே போயும்விட்டது. அன்றைக்கு வந்து அவள் சாப்பிடவில்லை. பெட்டியைத் திறந்து கத்தரிக்கோலைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

மேலதிகாரி சொல்லிவிட்டார். பங்குனி முடிவதற்குள் சொந்தமாக வண்டி வசதி செய்துகொள்ள வேண்டும். இல்லையென்றால் அந்த ஊர்கள் வேறொருத்திக்குப் போகும். அவள் பழையபடி வார்டுக்கே திரும்பலாம்.

“மோட்டார் சைக்கிள் வாங்கிடலாம் மாமா. நீ ஓட்டு, நான் பின்னால குந்திக்கிறேன்” என்றாள். எட்டு வருடமாகச் சேர்த்த பணம் அவளிடம் இருந்தது.

“நானா?”

“பின்ன, பக்கத்து வீட்டுக்காரனையா கூப்பிடுவேன்?”

இருசப்பன் சிரித்தான். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

முத்தியால்பேட்டையில் மண்ணாங்கட்டி என்றொரு மெக்கானிக் இருந்தான். மூன்று குழந்தைகள் இறந்து நாலாவதாகத் தங்கியவன் என்பதால் அந்தப் பெயர். தங்கியதற்குக் காரணம் வாய்தான் என்று தெருவில் சொல்வார்கள். பழைய வண்டிகளை வாங்கிச் சரிபண்ணி விற்பான். அவனுக்கென்று ஒரு கணக்கு உண்டு.

“இருசண்ணே, மொத வண்டி பொண்ணு பாக்குற மாதிரி இல்ல. அழகைப் பாக்கக் கூடாது. மூணு விஷயம் பாரு. குந்துனா ரெண்டு காலும் முழுசா தரையில படணும். படுக்கப் போட்டா நீயே ஒத்தையா தூக்கணும். நடுரோட்டுல நின்னுபோனா, மூணாவது ஒதைக்குள்ள கெளம்பணும்.”

முதலில் காட்டியது பட்டாளத்தில் ஏலம் விட்ட பெரிய வண்டி. மண்ணாங்கட்டி அதைப் பக்கவாட்டில் சாய்த்துப் படுக்க வைத்தான். இருசப்பன் மூட்டை தூக்குகிற கணக்கில் அதைத் தூக்கி நிறுத்திவிட்டான். ஆனால் ஏறி உட்கார்ந்தபோது விரல் நுனி மட்டுமே தரையைத் தொட்டது. வண்டி இடப்பக்கம் ஒரு விரற்கடை சாய்ந்ததும் அவன் மண்ணாங்கட்டியின் தோளை எட்டிப் பிடித்தான்.

“வேணாம், எறங்கு. இதுக்கு நீ ஒரு ஏணி வாங்கணும்” என்றான் மண்ணாங்கட்டி.

இரண்டாவது சின்ன வண்டி. வாங்கி ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. சீட்டு தாழ்வு, பாதம் இரண்டும் முழுதாகப் பதிந்தன. ஒற்றைக் கையால் தூக்கலாம். முதல் உதையிலேயே கிளம்பியது. பின் சீட்டில் அஞ்சலாட்சி உட்கார்ந்து பார்த்தாள். மடியில் பெட்டியை வைத்துக்கொள்ளவும் இடம் இருந்தது. மூன்று கணக்கிலும் தேறிய வண்டி. முன்பணம் கொடுத்தாயிற்று.

மறுநாள் விடியற்காலை கடற்கரைச் சாலையின் வடக்குக் கோடியில் ஓட்டிப் பழகினார்கள். மண்ணாங்கட்டி பின்னால் உட்கார்ந்துகொண்டான். வலது கைப்பிடியைத் தன் பக்கமாகத் திருகினால் வேகம், எதிர்ப்பக்கம் திருகினால் மெது. இடது கை கிளட்ச். கால் பிரேக். பத்து நிமிஷம் எல்லாம் சரியாகவே இருந்தது. மீன் கூடை தூக்கிய ஒரு பெண் சாலையைக் கடக்கும் வரை.

அவள் தூரத்தில்தான் இருந்தாள். இருசப்பன் அவளைப் பார்த்தான். நிறுத்த வேண்டும் என்று நினைத்தான். நினைத்த அந்த நொடியில் வண்டி உறுமிக்கொண்டு முன்னால் பாய்ந்தது. கூடைக்காரி கத்திக்கொண்டு ஓடினாள். வண்டி சாலையை விட்டு இறங்கி, மணலில் காயப் போட்டிருந்த வலைக்குள் புகுந்து நின்றது. மண்ணாங்கட்டியின் காலைச் சுற்றி வலை.

“ஏன்யா முறுக்குன?” என்றான்.

“முறுக்கலப்பா. நிறுத்தத்தான் பாத்தேன்.”

“நிறுத்துறவன் முறுக்குவானா? இன்னைக்கு என்னைப் புடிச்சு வித்துருப்ப, கெளுத்தி மீன் விலைக்கு!”

வலைக்காரனிடம் இருவரும் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். இருசப்பன் வீட்டில் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவனுக்குள் ஒரு சந்தேகம் உட்கார்ந்துகொண்டது. வண்டிக்குத் தன்னைப் பிடிக்கவில்லையோ? அல்லது தனக்குள்ளேயே, தனக்குத் தெரியாமல், யாரையாவது இடிக்க ஆசைப்படுகிற ஒருவன் இருக்கிறானோ? மண்டியில் மூட்டை அடுக்கும்போதும் கூடைக்காரி கத்தியது காதில் கேட்டது.

மூன்றாம் நாள் அஞ்சலாட்சியும் வந்தாள். மண்ணாங்கட்டி நடந்து வர, இருசப்பன் தனியாக ஓட்டினான். போய்த் திரும்பி வரும்போது, எந்த லட்சணத்தில் ஓட்டுகிறான் என்று பார்க்க அவள் சாலை நடுவுக்கு வந்து நின்றாள். இடுப்பில் கை. முகத்தில் சிரிப்பு.

நிறுத்து, நிறுத்து, நிறுத்து என்று அவன் மனது சொன்னது. வண்டி அவளை நோக்கிச் சீறியது. அவள் சிரிப்பு அப்படியே முகத்தில் இருக்க, கண் மட்டும் மாறியதை அவன் பார்த்தான். பக்கத்தில் பாய்ந்து விழுந்தாள். வண்டி அவள் நின்ற இடத்தைத் தாண்டிப் போய்ச் சரிந்தது.

அவள் முழங்காலில் தோல் உரிந்திருந்தது, அவ்வளவுதான். ஆனால் இருசப்பன் எழுந்திருக்கவில்லை. தரையில் உட்கார்ந்து இரண்டு கையையும் அக்குளில் இறுக்கி வைத்துக்கொண்டான்.

“உன்ன நான் கொன்னுடுவேன் அஞ்சல. வேணாம். வார்டுக்கே போ. நீ உசுரோட இருந்தா போதும்.”

“நான் வார்டுக்குப் போயிட்டா அங்க ஒருத்தி சாவா” என்றாள் அவள், மண்ணைத் தட்டிக்கொண்டே.

அன்று சாயங்காலமும் அவன் கையை அக்குளை விட்டு எடுக்கவில்லை. அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

“கையக் காட்டு.”

நீட்டினான். வலி எடுத்த பெண்கள் பிடித்துப் பிடித்து அவள் மணிக்கட்டில் எப்போதும் நகக்குறி இருக்கும். பயந்த கை என்னென்ன செய்யும் என்று அவளுக்குத் தெரிந்த அளவு ஊரில் வேறு யாருக்கும் தெரியாது. உள்ளங்கை வேறு, விரல் வேறு, மணிக்கட்டு வேறு பேசும் என்பாள்.

“என் ரெண்டு மணிக்கட்டையும் புடி. துரை வண்டிக் கட்டைன்னு நெனச்சுக்க. தள்ளு. இன்னும் தள்ளு. துரை குந்தியிருக்காரு, பேப்பர் படிக்கிறாரு. தள்ளு... மாடு வருது!”

கடைசி வார்த்தையைக் கத்திவிட்டாள். இருசப்பனின் குதிகால் தரையில் ஊன்றியது. இரண்டு கையும் அவள் மணிக்கட்டைத் தன் வயிற்றை நோக்கி இழுத்தன. இழுத்ததோடு நிற்கவில்லை, மணிக்கட்டு கீழ்நோக்கி மடங்கித் திருகியது.

அஞ்சலாட்சி வலியில் “ஸ்ஸ்” என்றாள். கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

“பாத்தியா? நீ முறுக்கல மாமா. நீ நிறுத்துற. பதினேழு வருசமா நிறுத்துன மாதிரியே நிறுத்துற. அந்த வண்டி நின்னுது. இந்த வண்டி ஓடுது.”

இருசப்பன் தன் கையைப் பார்த்தான். தனக்குள் கொலைகாரன் யாரும் இல்லை என்பது ஆறுதலாக இருந்தது. அடுத்த நொடியே அதைவிடப் பெரிய பயம் வந்தது. இது புத்தியில் இருந்தால் மாற்றிக்கொள்ளலாம். கையில் இருந்தால்?

மறுநாள் அவளே மண்ணாங்கட்டியிடம் போனாள்.

“கைப்பிடிய முறுக்காம ஓடுற வண்டி ஏதாச்சும் இருக்குதா?”

“இருக்குதே நர்சம்மா. மாட்டு வண்டி.”

“ஒன் வாயத் தைக்கக் கையில ஊசி இருக்குது, தெரியும்ல?”

மண்ணாங்கட்டி தலையைச் சொறிந்தான். பிறகு கொட்டகையின் பின்பக்கம் போய்ச் சாக்குகளை விலக்கினான். முட்டையின் மேலிருந்த கோழி ஒன்று சண்டைக்கு வந்தது. அதற்குக் கீழே, ரிட்டையரான ஒரு சொல்தா (பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை ஊரில் அப்படித்தான் சொல்வார்கள்) விட்டுப்போன பழைய பிரெஞ்சு வண்டி. யுத்தத்துக்கும் முந்தியது. பெட்ரோல் டாங்கி துருப்பிடித்திருந்தது. அதில் கைப்பிடி அசையாது. அதன் பக்கத்தில் ஒரு சின்ன நெம்பி, விரல் நீளத்துக்கு ஓர் இரும்புத் துண்டு. கட்டைவிரலால் முன்னால் தள்ளினால்தான் வேகம் கூடும்.

“இத எடைக்குப் போடலாம்னு இருந்தேன். ஓடுற ஆளுகூட இதத் தாண்டிப் போயிடுவான் நர்சம்மா.”

“விழுந்தா தூக்க முடியுமா? கால் படுமா?”

“படும். தூக்கலாம். மூணு ஒதைக்குத்தான் உத்தரவாதம் இல்ல.”

ஒரு குறை இருந்தது. நெம்பியைத் தள்ளிவிட்டால் தள்ளிய இடத்திலேயே நிற்கும். விரலை எடுத்தாலும் வேகம் குறையாது. மண்ணாங்கட்டி இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டினான். சைக்கிள் பிரேக்கின் சுருள்வில் ஒன்றை வெட்டி நெம்பியின் அடியில் பொருத்தினான். இப்போது கட்டைவிரல் தள்ளிக்கொண்டே இருந்தால்தான் வண்டி ஓடும். விட்டால் ‘டக்’கென்று திரும்பிவிடும். பயந்துபோய்க் கையைப் பின்னால் இழுத்தால் கட்டைவிரல் நெம்பியை விட்டு வந்துதானே ஆக வேண்டும்? சின்ன வண்டிக்குக் கொடுத்த முன்பணத்தில் பாதியைப் பேச்சில்லாமல் திருப்பிக் கொடுத்தான்.

பங்குனி பதினெட்டு. சேதராப்பட்டிலிருந்து ஆள் வந்தது. தலைப்பிரசவம், ராத்திரியிலிருந்து வலி. அஞ்சலாட்சி பெட்டியோடு பின்னால் உட்கார்ந்தாள். ஒரு கை அவன் இடுப்பில். வயிற்றுத் தசை கல்லாக இறுகியிருப்பது அவளுக்குத் தெரிந்தது.

டவுனைத் தாண்டியது. இரண்டு பக்கமும் கரும்பு. தூரத்தில் ஒரு பனைமரத்தைப் பார்த்தால்கூட அது சாலைக்குள் நடந்து வருவது போல இருசப்பனுக்குத் தோன்றியது. செம்மண் பூமி ஆரம்பிக்கிற இடத்தில் கரும்புக்குள்ளிருந்து ஓர் எருமை. அதன் பின்னால் இன்னொன்று.

அவன் கத்தவில்லை. கை தன் வேலையைச் செய்தது. இரண்டு கையும் பின்னால் இழுத்தன, மணிக்கட்டு மடங்கியது. கட்டைவிரல் நழுவியது. டக். எஞ்சின் இருமியது. இரண்டு குதிகாலும் செம்மண்ணில் கோடு கிழித்தன. எருமையின் விலாவுக்கும் முன்சக்கரத்துக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கிற இடம் இருக்க, வண்டி நின்று அணைந்தது. எருமை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனது.

“நின்னுடுச்சு” என்றாள் அஞ்சலாட்சி.

“நிக்கலன்னா?”

“நின்னுடுச்சு மாமா.”

இருசப்பன் மறுபடி கிளப்பப் பார்த்தான். ஒருதரம் உதைத்தான், இரண்டுதரம், ஐந்துதரம். வண்டி கிளம்பவில்லை. ஊர் தெரிகிறது, இன்னும் ஒரு மைல். வந்த ஆள் சைக்கிளில் முன்னாலேயே போய்விட்டான். இருசப்பனுக்குத் தை மாதத்துக் கத்தரிக்கோல் நினைவுக்கு வந்தது.

“முன்னால வந்து குந்து” என்றான்.

“நானா?”

“நீ ஹேண்டிலப் புடி. ரோட்டப் பாரு. மத்தது என் பாடு.”

அவள் புடவையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு, ஆம்பிளை மாதிரி இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்தாள். பெட்டி மடியில். இருசப்பன் பின்சீட்டின் இரும்பைப் பிடித்தான். தள்ள ஆரம்பித்தான். முதலில் நடை, பிறகு ஓட்டம். கண்ணுக்கு முன்னால் துரையின் தொப்பிக்குப் பதிலாக அவள் கொண்டை. உள்ளங்கை வியர்க்கவில்லை. அந்தக் காலை முழுவதும் அந்த ஒரு மைல்தான் அவன் பயமில்லாமல் இருந்தான்.

ஊர் எல்லையில் பொம்பளைகள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். அஞ்சலாட்சி யாரையும் பார்க்காமல் இறங்கி, புடவையை உதறிவிட்டு உள்ளே போனாள். இருசப்பன் வேப்ப மரத்தடியில் வண்டிப் பக்கத்தில் குந்தி, உள்ளே வருகிற சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தான். சூரியன் உச்சிக்கு வருவதற்குக் கொஞ்சம் முன்னால் குழந்தை அழுதது.

அந்த ஊர்கள் அவளிடமே இருந்தன. அவன் பயமும் போகவில்லை. தினமும் கிளம்புவதற்கு முன் நெம்பியைக் கட்டைவிரலால் தள்ளி விடுவான். டக். மறுபடி, டக். மூன்றாவது சத்தம் கேட்ட பிறகே அஞ்சலாட்சியை ஏறச் சொல்வான்.

1962-இல் அவள் வேலை நிரந்தரமானதும் புது வண்டி வாங்கலாம் என்றாள். கடையில் பளபளவென்று ஒன்றைக் காட்டினார்கள். இருசப்பன் அதன் கைப்பிடியை ஒருதரம் திருகிப் பார்த்தான். கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டான். “போலாம் அஞ்சல” என்று வெளியே வந்து, பழைய வண்டியின் நெம்பியைத் தள்ளி விட்டான்.

டக்.