சங்கத்துக்கு ஆள் சேர்த்த கோப்ரல்

பாலாவியில் கல்பிட்டி பஸ்ஸில் ஏறி, காலை இழுத்து நடந்த ஒருவர் என் வலப்பக்கம் அமர்ந்தார். இரண்டு வார்த்தை பேசியதும், "இடம் மாறி இருப்பமா?" என்று கேட்டு இடப்பக்கம் வந்தார். என் வலது காது கேட்காது என்பதை வீட்டில்கூட ஒருவரும் கவனித்ததில்லை.

அப்போது நான் சாதாரணச் சிப்பாய். போர் முடிந்தபின் கண்ணிவெடி அகற்றும்போது போன காது அது. ஆனால் கடமையில் போனதாக என் சேவைப் பதிவுக் கோவையில் எழுதப்படவில்லை. அப்படியே விட்டால் சிகிச்சையும் இல்லை, வேலையும் இல்லை.

"படைவீரர் சங்கத்தில சேர்ந்தீங்களா, தம்பி?" பழைய கோப்ரலான அவர், சீருடையைக் கண்டால் முதலில் கேட்பது அதைத்தானாம்.

"அது பெரியவங்கட இடம், நானா. நான் எட்டாம் வகுப்பு வரைதான்," என்றேன். அண்ணன் முறையானவரை அங்கே 'நானா' என்றுதான் அழைப்போம்.

"பெரியவங்களுக்கு எதுக்குச் சங்கம்? ஒரு டெலிபோன் கோல் எடுத்தாப் போதுமே. நான் விலகின பிறகுதான் சேர்ந்தன், பிந்திப் போச்சு. என்ட கால் வொலிபோல் விளையாடிப் போனதாம், கடதாசி சொல்லுது. பந்தையே தொடாத கால்!"

சிரித்துக்கொண்டே சங்கத்தின் படிவத்தை எடுத்து, நான் சொல்லச் சொல்லச் சிங்களத்தில் நிரப்பினார்.

வெடித்த அன்று எனக்குக் கட்டுப்போட்டவரைச் சங்கம் தேடிப்பிடித்துக் கடிதம் வாங்கியது. என் காது பற்றிய விசாரணை நாளில் கோப்ரலும், மீன்பிடிக்கக் கடலுக்குப் போகாமல் உடப்பிலிருந்து வந்த இரண்டு அங்கத்தவர்களும் என் பின்னால் அமர்ந்தார்கள்.

"இவங்க யார்?" என்றார் அதிகாரி.

"இவரோட வந்தவங்க, சேர்," என்றார் கோப்ரல்.

அதிகாரி கோவையை முதலிலிருந்து வாசித்துத் திருத்தி எழுதினார்.

அதற்குப் பிறகு எத்தனையோ ஊர், எத்தனையோ வேலை பார்த்துவிட்டேன். எல்லாக் கதவையும் தனியாகத்தான் தட்டியிருக்கிறேன், அந்த ஒன்றைத் தவிர.