சதுர அடிக்குப் பதினைந்து ரூபாய்

எங்கள் பேனர் கடையில் எல்லாவற்றுக்கும் ஒரே கணக்கு, சதுர அடி. பெங்களூர் அல்சூரில் யாருக்குக் கல்யாணம் என்றாலும், யார் செத்தாலும், எந்தத் தலைவர் பிறந்தநாள் கொண்டாடினாலும் சதுர அடிக்குப் பதினைந்து ரூபாய். படம் வரைவது, எழுத்து போடுவது, மாப்பிள்ளையின் தொப்பையைக் குறைப்பது எல்லாம் இலவசம். அந்த இலவசம் நான்தான்.

பத்தாவதில் கணக்குப் பரீட்சையிலிருந்து பாதியில் எழுந்து வந்தவன் நான். ஆனால் ஏழு வருடம் அந்தக் கடையில் உட்கார்ந்ததில் நீளத்தை அகலத்தால் பெருக்குவது மட்டும் ரத்தத்தில் கலந்துவிட்டது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஏரிக்கரைக் கம்பியில் சாய்ந்து நிற்பேன். ஒரு மேகம் மெதுவாக வரும். நாற்பதுக்கு இருபது இருக்கும், பன்னிரண்டாயிரம் ரூபாய் என்று தோன்றும். அது தண்ணீருக்குள் நெளிந்து கலைகிற வரைக்கும் கடைக்குத் திரும்ப மனசு வராது.

ஒருநாள் கடைக்கு ஒரு ஃபோன் வந்தது. பெண் குரல்.

"தள்ளுவண்டியில தூங்குதே ஒரு இட்லி, அத வரைஞ்சது நீங்களா?"

நான்தான். எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம் ஓர் இட்லி வண்டிக்கு பேனர் செய்திருந்தேன். விடியற்காலையிலேயே எழுப்பிவிட்ட கோபத்தில், ஆவி பறக்க, அரைக்கண் மூடிய ஓர் இட்லி. கூப்பிட்டவர் அங்கே சின்னதாக ஒரு டிசைன் ஆபீஸ் நடத்துகிறாராம். வரைய ஆள் வேண்டுமாம், வந்து பார்க்கச் சொன்னார்.

மறுநாள் பஸ் ஏறினேன். மேம்பாலத்தில் ஏறியதும் ஊர் சத்தமில்லாமல் கீழே நகர்ந்தது. இரண்டு பக்கமும் கண்ணாடிக் கட்டடங்கள். ஒவ்வொன்றின் மேலும் என் இட்லி கண்ணயர்ந்து கிடப்பதாக நினைத்துக்கொண்டேன். பார்த்துப் பார்த்து எனக்கும் தூக்கம் வந்துவிட்டது. கண்டக்டர் தோளைத் தட்டி, "இளீரி, லாஸ்ட் ஸ்டாப்" என்று இறங்கச் சொன்னார்.

ஆபீஸில் என்னைக் கூப்பிட்டவருக்கு என் வயதுதான் இருக்கும். வீட்டில் கன்னடம், தமிழ் பக்கத்து வீட்டில் கற்றதாம். தன் ஃபோனை என் முன்னால் வைத்தார்.

"இந்த ஆப்புக்கு ஒரு சின்னம் வேணும். வெளியிலேர்ந்து செஞ்சு குடுத்தா எவ்ளோ கேப்பீங்க?"

"என்ன சைஸ் மேடம்?"

"சைஸா? ஃபோன்ல ஒரு நகம் அளவு."

ஓர் அங்குலத்துக்கு ஓர் அங்குலம். சதுர அடியில் நூற்று நாற்பத்து நான்கில் ஒரு பங்கு. மனதுக்குள் போட்டுப் பார்த்தேன்.

"பத்து பைசா மேடம்."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் கிண்டல் செய்கிறபோது நம்புகிற ஜனங்கள், நிஜத்தைச் சொன்னால் சிரிக்கிறார்கள்.

"அதையே பஸ் மேல பெருசா ஒட்டினா?"

"முப்பதுக்கு நாலு. ஆயிரத்து எண்ணூறு."

"ஆனா வரையறது ஒண்ணேதான், அல்வா?"

அல்வா என்றால் கன்னடத்தில் 'இல்லையா' என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த நிமிஷம் ஏழு வருடமாக எனக்குக் கொடுக்கப்பட்ட அல்வா மொத்தமும் தொண்டையில் வந்து நின்றது.

"மாசச் சம்பளம் எவ்ளோ வேணும்னு நாளைக்கு ஃபோன்ல சொல்லுங்க" என்றார். "நான் ஒரு லிமிட் வெச்சிருக்கேன், அத சொல்ல மாட்டேன். முன்னாடி இருந்தவரு 'குடுக்கறத குடுங்க'ன்னாரு. ரெண்டு மாசத்துல மூஞ்ச தூக்கிட்டுப் போயிட்டாரு. நீங்களும் அப்படிச் சொன்னா இந்த வேலை கிடையாது."

கடைக்குத் திரும்பினேன். முதலாளி அண்ணன் அச்சு மிஷின் பக்கத்தில் நின்றிருந்தார்.

"இன்னாடா, துரை இப்பதான் வர்றாரா?"

"அண்ணா, நம்ம கடையில டிசைன் ஃப்ரீதானே?"

"ஆமா."

"அப்ப சனிக்கிழமையானா எனக்கு இன்னாத்துக்கு நாலாயிரம் தர்றே?"

"மிஷினப் பாத்துக்கிறதுக்குடா. வேற இன்னாத்துக்கு?"

அவர் கிண்டல் செய்யவில்லை. அதுதான் உறைத்தது. கெட்ட மனுஷன் இல்லை அவர். வாங்குகிறவனிடம் கேட்காத காசை எனக்கு எங்கிருந்து எடுத்துத் தருவார்? ஏழு வருடமாக நான் மிஷின்காரன்தான். வரைந்ததெல்லாம் வேலை நேரத்தில் விளையாடியது.

மறுநாள் காலை ஏரிக்கரையில் உட்கார்ந்து ஒரு தொகையைத் தேடினேன். எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. இட்லி ஞாபகம் வந்தது. அது பன்னிரண்டாவது இட்லி. முதல் பதினொன்றும் முழித்துக்கொண்டே இருந்தன, ஒன்றுக்குக்கூட தூக்கம் வரவில்லை. ஒரு பகல் முழுக்க அவற்றோடு மல்லுக்கட்டி, ஒவ்வொன்றாக அழித்தேன். அந்தப் பதினொன்றுக்கும் யாரும் காசு தரவில்லை. நானும் கேட்டதில்லை. இனி அவற்றுக்கும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று தோன்றியது.

இருபத்தெட்டாயிரம் என்று தண்ணீரைப் பார்த்துச் சொன்னேன். எனக்கே சிரிப்பு வந்தது. இன்னும் இரண்டு தடவை சொன்னேன். வெயில் ஏரி முழுக்கச் சில்லறை சில்லறையாகச் சிதறிக் கிடந்தது. மூன்றாவது தடவை சிரிப்பு வரவில்லை. உடனே ஃபோன் போட்டேன்.

"இருபத்தெட்டாயிரம் மேடம்."

"கைக்கு வர்றதா, பிடித்தத்துக்கு முன்னாடியா?"

"எனக்குப் பிடிச்சது கைக்கு வர்றதுதான் மேடம்."

அவர் சிரித்துவிட்டு விளக்கினார். பேருக்குச் சொல்கிற சம்பளம் ஒன்று. பி.எஃப். அது இது என்று பிடித்தது போக மாசக் கடைசியில் கைக்கு வருவது இன்னொன்று. "எப்பவும் எதுன்னு கேட்டுக்கோங்க" என்றார். "சரி, கைக்கு இருபத்தெட்டு. ஓகே."

ஓகே வந்த வேகம் எனக்குப் பிடிக்கவில்லை.

"மேடம், நான் ஸ்வல்ப கம்மியா கேட்டுட்டேனா?"

"ஸ்வல்ப இல்ல" என்றார்.

ஃபோனை வைத்துவிட்டேன். பத்து மூச்சு விட்டேன். திரும்பக் கூப்பிட்டேன்.

"ஹலோ?"

"வணக்கம் மேடம். தூங்கற இட்லி வரைஞ்சவன் பேசறேன். சம்பளம் எவ்ளோ வேணும்னு சொல்லச் சொன்னீங்களாமே?"

கைக்கு வந்த இருபத்தெட்டும் ஏரியில் போச்சு என்று நினைத்தேன். ஏன் இந்த வாய் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது?

பிறகு, யாரோ முன்பின் தெரியாதவரிடம் பேசுகிற குரலில் கேட்டார்.

"ஆமா, சொல்லியிருந்தேன். ஹேளி, சொல்லுங்க, எவ்ளோ வேணும்?"

"கைக்கு முப்பத்தஞ்சு."

"முப்பத்திமூணு. அதுதான் என் லிமிட். மூணாவது வாட்டி கூப்பிட்டா எடுக்க மாட்டேன்."

நான் கூப்பிடவில்லை. திங்கட்கிழமை நேரில் போனேன்.