எதிர்ச்சுற்றில் வந்தவன்

இன்று காலை பருத்திப்பட்டு ஏரிக்கரையில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாம்பைப் பார்க்கவில்லை, அம்புக்குறியைப் பார்த்தேன். நடைபாதை நெடுக வெள்ளைப் பெயிண்டில் கொழுகொழுவென்று அம்புகள். எல்லாம் ஒரே பக்கம் தலை வைத்துப் படுத்திருந்தன. மகள் வீட்டுக்கு ஓசூர் போய்ப் பத்து நாள் இருந்துவிட்டு நேற்றுதான் திரும்பினேன். அதற்குள் ஒரு ஏரிக்கே திசை வைத்துவிடுவார்கள் என்று கனவா கண்டேன்?

வழக்கம்போல இடது பக்கம் திரும்பி நாலு எட்டு வைத்திருப்பேன். விசில் சத்தம். காவலாளி ஓடிவந்தார்.

"அண்ணாத்தே, இப்டிக்கா போவாதே. ஏரோ போட்டுக்கீது பாரு."

"யாருப்பா போட்டது?"

"மேல ஆர்டரு. ஆளுங்க எதுருக்கெதுரு வந்து மோதிக்கிறாங்கோ, சண்ட வருதுன்னு கம்ப்ளெயின்ட்டு. இனிமே அல்லாரும் ஒரே சைடுதான்."

வெறும் வயிற்றில் சண்டை பிடிக்கச் சர்க்கரை வியாதிக்காரனுக்குத் தெம்பு கிடையாது. திரும்பி நடந்தேன். ஆனால் ஒவ்வொரு அம்பையும் வேண்டுமென்றே மிதித்துக்கொண்டு போனேன். ஒரு அம்புக்குறிக்கா இவ்வளவு என்று நீங்கள் சிரிப்பீர்கள். சொல்கிறேன். கொஞ்சம் சுற்றித்தான் சொல்வேன், ஏரியைச் சுற்றிச் சுற்றியே பழகிவிட்டது.

பெயிண்ட் வாசனை இன்னும் போகவில்லை. எனக்கு அந்த வாசனை வந்தாலே அம்பத்தூர் எஸ்டேட் ஞாபகம்தான். பம்பு செய்யும் கம்பெனி ஒன்றில் பெயிண்ட் ஷாப் வேலை. எட்டு மணி நேரம் பெயிண்டில் கலக்கும் தின்னர் நெடியில் நின்றுவிட்டு வந்தால் சோற்றிலும் அதே நெடி அடிக்கும். என் பக்கத்து ஸ்ப்ரே பூத்தில் நின்று பெயிண்ட் அடித்தவன் கோதண்டம். அவனும் நானும் ஒரே வருஷம் சேர்ந்தோம், ஒரே வருஷம் வெளியே வந்தோம். இரண்டு பேருக்கும் ஒரே கிரேடு, ஒரே இருமல்.

ஒரு விஷயம் மட்டும் வேறு. அவன் ஊர், நான் காலனி. இந்த ஏரித் தண்ணீர் பாய்ந்த நிலத்தில் அவன் அப்பாவுக்குக் கழனி இருந்தது. அந்தக் கழனியில் என் அம்மா நாற்று நட்டிருக்கிறாள். இப்போது கழனியெல்லாம் மனை ஆகி, மனையெல்லாம் அடுக்குமாடி பிளாட் ஆகிவிட்டது. எங்களுக்குள் அது ஒரு பேச்சாகவே இருந்ததில்லை. அவன் என்னை மச்சான் என்பான், நான் அவனை மச்சான் என்பேன். இந்தப் பக்கத்தில் மச்சான் என்று கூப்பிட யாரும் யாருக்கும் பெண் கொடுத்திருக்க வேண்டியதில்லை.

கம்பெனி வேனில் ஏறினால் விவாதம்தான். சாராயக் கடையை மூடலாமா, இந்தி படிக்கலாமா, காதல் கல்யாணம் சரியா என்று ஆவடியில் ஆரம்பித்தால் எஸ்டேட் கேட் வரை நடக்கும். ஒருநாள் சூப்பர்வைசர் ஒருத்தர் இட ஒதுக்கீட்டைப் பற்றி இளக்காரமாக ஏதோ சொன்னார். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் கோதண்டம் எழுந்து நின்றுவிட்டான். வேன் குலுங்க, மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இன்னா சார், இவங்கம்மா சேத்துல நின்னா மாதிரி உங்கம்மா நின்னுக்கீதா?" என்று கேட்டான். அன்றைக்கு எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. தின்னர் என்று சொல்லிச் சமாளித்தேன்.

வேலையிலிருந்து வந்தபின் டாக்டர் எங்கள் இருவரையும் நடக்கச் சொன்னார். ஏரிக்கரையைச் சீர்செய்து பாதை போட்டதும் எங்களுக்கு வேன் திரும்பக் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. சேர்ந்து நடப்போம், சேர்ந்து கத்துவோம். முடிந்ததும் புங்கமரத்தடி பெஞ்சு. அங்கே மல்லிகா அக்கா பிளாஸ்க்கில் சுக்குக் காப்பி வைத்திருக்கும். அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றது. புடவைக்குக் கீழே ஆண்கள் ஷூ போட்டுக்கொண்டு எங்கள் எல்லோரையும் விட வேகமாக நடக்கும்.

அந்தப் பெஞ்சில்தான் அது நடந்தது. எங்கள் பகுதியில் இரண்டு சுடுகாடு. ஊருடையது ரோட்டை ஒட்டி மேட்டில், கேட் போட்டு இருக்கிறது. காலனியுடையது கால்வாய்க்கு அந்தப் பக்கம். மழை வந்தால் அதற்குப் போகிற வழி முழுகிவிடும். புதிதாகக் குடிவந்த பிளாட்காரர்கள், எதற்கு இரண்டு, ஒன்றாக்கிவிடலாமே என்று ஆரம்பித்தார்கள். பெஞ்சில் பேச்சு சூடு பிடித்தது.

"செத்தவங்களுக்கு இன்னாப்பா ஊரு, காலனி?" என்றது மல்லிகா அக்கா.

எல்லோரும் கோதண்டத்தைப் பார்த்தோம். நான் சாய்ந்தே உட்கார்ந்துவிட்டேன். வேனில் எழுந்து நின்றவன் ஆயிற்றே, ஒரே போடாகப் போடுவான் என்று நினைத்தேன்.

அவன் காப்பி டம்ளரின் அடியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அது மட்டும் வோணாம்க்கா. ஒண்ணா துன்றோம், ஒண்ணா வேல செஞ்சோம், அல்லாம் கரெக்ட்டு. எங்கப்பன எரிச்ச எடத்துல இவங்க ஆளுங்கள எரிக்கறதுன்னா மனசு ஒப்பல. அதது அங்கங்கயே இருக்கட்டும் மச்சான்."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். சர்க்கரை கம்மியாகப் போடு என்கிற குரலில் சொன்னான். கடைசியில் மச்சானும் போட்டான். இத்தனை வருஷம் என் டிபன் பாக்ஸில் கை விட்டுச் சாப்பிட்டவன் மனசுக்குள் ஒரு கேட் இருந்திருக்கிறது, எனக்குத் தெரியவே இல்லை. டம்ளரை எங்கே வைத்தேன், எப்படி வீடு வந்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. அம்மா அப்போது உயிரோடு இருந்தாள். "கோதண்டம் எப்டிடா கீறான்?" என்று வழக்கம்போலக் கேட்டாள். "கீறான்" என்றேன்.

மறுநாள் அவனோடு நடக்க முடியாது. நடக்காமல் இருந்தால் சர்க்கரை ஏறும். யோசித்துப் பார்த்துவிட்டு எதிர்த் திசையில் நடந்தேன். அங்கேதான் கணக்குத் தப்பியது. ஒரே திசையில் போனால் அவன் முகத்தைப் பார்க்கவே வேண்டாம். எதிர்த் திசையில் போனால் சுற்றுக்கு இரண்டு தடவை நேருக்கு நேர் வருவான். இந்த அறிவு எனக்கு முதல் சுற்று முடிந்த பிறகுதான் வந்தது. மாற்றிக்கொள்ள ரோஷம் விடவில்லை.

சில நாள் தலையைக் குனிந்துகொண்டு தாண்டினோம். பிறகு ஒருநாள், என்னைக் கடக்கும்போது அவன் சொன்னான்: "ஊருல மத்தவங்களும் கீறாங்கோ, நான் மட்டுமா சொல்றேன்?" நான் நிற்கவில்லை. ஆனால் அரைச் சுற்றும் பதிலைச் சமைத்துக்கொண்டே போனேன். அடுத்த முறை எதிரே வந்தபோது, "வேன்ல நீ மத்தவங்கள கேட்டுகினா எழுந்து நின்ன?" என்றேன். அதற்கு அவன் பதில் அடுத்த அரைச் சுற்றில் வந்தது.

இப்படியே மாதக்கணக்கில் நடந்தது. எதிரே வரும்போது ஆளுக்கு ஒரு வரி. யோசிக்க அரைச் சுற்று அவகாசம். வாயில் வந்ததைக் கொட்ட முடியாது, குறுக்கே பேச முடியாது. சட்டசபையில்கூட இந்த ஒழுங்கு கிடையாது. மற்றவர்களுக்கும் இது பிடித்துப்போய், அவன் கட்சி ஆட்கள் அவன் பக்கமும் என் கட்சி ஆட்கள் என் பக்கமும் நடக்க ஆரம்பித்தார்கள். சுடுகாட்டில் தொடங்கியது நுழைவுத் தேர்வு, கோயில், மாட்டுக்கறி என்று எல்லாவற்றுக்கும் பரவிவிட்டது. மல்லிகா அக்கா மட்டும் ஒரு சுற்று அப்படி, ஒரு சுற்று இப்படி. "ரெண்டு பேரு சொல்றதும் காதுல உழணும்ப்பா" என்னும்.

போன மழைக்காலத்தில் என் அம்மா இறந்தாள்.

மூன்று நாளாக விடாத மழை. தெருவில் முழங்கால் தண்ணீர், மின்தகனத்துக்கு எடுத்துப்போக வண்டி வரவில்லை. மழை விடட்டும் என்று வைத்திருக்கலாம் என்றால் கரண்ட் இல்லை, குளிர்ப்பெட்டி ஓடாது. கால்வாய்ப் பக்கம் வழி முழுகிக் கிடந்தது. அதைத் தாண்டினால் தகரக் கொட்டகை போட்ட எங்கள் எரிமேடை மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. மேட்டில் ஊர்ச் சுடுகாடு காய்ந்து கிடந்தது. எங்கள் ஆட்களில் ஒருத்தன், "அந்த கேட்ட தொறக்கச் சொல்லிக் கேட்டா இன்னா?" என்று முனகினான்.

கோதண்டம் வாசலில் நின்றிருந்தான். எப்போது வந்தான் என்று தெரியாது. அந்த வார்த்தை அவன் காதில் விழுந்தது, முகத்தில் தெரிந்தது. இப்போது சொல்வான், வாங்க, தொறந்து வுடச் சொல்றேன் என்று சொல்வான் என்று காத்திருந்தேன்.

சொல்லவில்லை. துண்டைத் தலையில் கட்டினான். பாடையின் முன்பக்கம் வந்து தோள் கொடுத்தான். என்னோடு கால்வாய்ப் பக்கம் இடுப்பளவு தண்ணீரில் இறங்கினான். வழியில் ஒரு குழியில் கால் போய் மார்பு வரை முழுகினான். தோளில் இருந்த பாடைக் கழி மட்டும் இறங்கவில்லை. இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தான். என் அம்மா மேல் ஒரு சொட்டுச் சேற்றுத்தண்ணீர் படவில்லை.

காரியமெல்லாம் முடிந்து ஏரிக்கு வந்தேன். மனசெல்லாம் இளகிப் போயிருந்தது. எதிரே வந்தவன், வந்த வேகத்திலேயே சொன்னான்: "தோள் குடுத்தது அம்மாவுக்கு. அந்த விசயத்துல நான் மாறல மச்சான்."

பெஞ்சில் சொன்னதைவிட இது எனக்கு அதிக அதிர்ச்சி. அந்தக் குழியில் முழுகியவனும் இவனும் ஒரே ஆள் என்று எப்படி நம்புவது? அரைச் சுற்று நடந்தேன். "கேட்ட தொறந்திருந்தா உன் காலு நனைஞ்சிருக்குமாடா?" என்றேன். அதற்கு அவன் அடுத்த சந்திப்பில் பதில் சொல்லவில்லை. அதற்கடுத்ததிலும் சொல்லவில்லை. பல நாள் சும்மாவே தாண்டிப் போனான்.

நான் ஓசூர் கிளம்புவதற்கு முதல் நாள்தான் சொன்னான். நடையைக் கொஞ்சம் தளர்த்தி, என் முகத்தைப் பார்த்தே சொன்னான்: "தொறக்கறது என் கைல மட்டும் இல்ல. ஆனா என் கைல இருந்திருந்தாலும் தொறந்திருப்பனான்னு தெரில. அதான் தூக்கம் புடிக்கல."

அந்தச் சுற்றில் எனக்குப் பதில் வரவில்லை. ஓசூரில் பத்து நாளும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் கிடைத்தது. "தெரிலன்னா யோசி மச்சான், நாளைக்கும் வர்றேன்." இதைச் சொல்லத்தான் இன்று காலை அவ்வளவு ஆசையாக வந்தேன்.

நின்று காத்திருந்து சொல்லலாமே என்பீர்கள். நின்றால் பெஞ்சில் பக்கத்தில் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் மன்னித்துவிட்டேன் என்று ஆகிவிடும். இன்னும் அந்த இடத்துக்கு நான் வரவில்லை. அவனும் வரவில்லை. மன்னிக்காமலும் பேசிக்கொண்டே இருக்க இந்த உலகத்தில் எங்களுக்கு இருந்தது அந்த எதிர்ச்சுற்று ஒன்றுதான்.

எல்லோரும் அம்பு காட்டிய பக்கம் நடந்துகொண்டிருந்தார்கள். முன்னால் முதுகுகள், காதுகளில் ஒயர். மல்லிகா அக்காவும் பேசாமல் அந்த வரிசையில் போய்க்கொண்டிருந்தது. ஏரிக்கு அக்கரையில் கோதண்டத்தின் வெள்ளைத் தொப்பி தெரிந்தது. நான் போகும் திசையிலேயே, என் வேகத்திலேயே போய்க்கொண்டிருந்தான். நான் விறுவிறுவென்று நடந்தபோது அவனும் விறுவிறுவென்று நடந்த மாதிரி இருந்தது. கால் வலிக்கும்வரை சுற்றினேன். எதிரே ஒருத்தர்கூட வரவில்லை.