ஒரே பெயரில் இரண்டு மண்டோர்கள்
மலேசியாவில் ஈஜோக் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்துக்கு இணையத் தொலைபேசி சர்வரை அமைத்துக் கொடுத்தவன் நான். திடீரென்று, வேலையாட்களை மேய்க்கும் மண்டோர்களில் ஒருவரின் போனிலிருந்து போகும் அழைப்புகள் மட்டும் எடுத்த மறுநொடியே அறுந்தன. மூன்று நாள் அந்தச் செம்மண் சாலையில் காரை உருட்டினேன். போனை மாற்றினேன், கேபிளை மாற்றினேன், இணைய இணைப்பு கொடுத்தவனோடு சண்டை போட்டேன்.

"எதையாவது மாத்துனீங்களா?" என்று தோட்ட ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியிடம் தினமும் கேட்டேன்.

"ஒண்ணும் மாத்தல தம்பி" என்று அவரும் தினமும் சொன்னார்.

மூன்றாம் நாள் சர்வரின் பதிவுகளை வரிவரியாகப் படித்தேன். அழைப்போடு வரும் தகவல் வரியான ஹெட்டரில், மேற்கோள் குறிகளுக்குள் மண்டோரின் பெயர், ஓர் அரைப்புள்ளி, பிறகு அவர் வேலை செய்யும் தோட்டப் பிரிவின் டிவிசன் எண் இருந்தன. சர்வரில் நான் எழுதிய நிரலோ அரைப்புள்ளியைக் கண்டதும் பெயர் முடிந்துவிட்டதென்று அங்கேயே வெட்டி, மிச்சத்தைத் தொழில்நுட்பக் குறிப்பாக எடுத்துக்கொண்டு குழம்பியிருந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிராணியிடம் போய்க் கேட்டேன்: "பேர்ல எதுக்குங்க இதெல்லாம்?"

"புதுசா வந்த மண்டோருக்கும் அதே பேரு லா. டிவிசன் போடாம யாரு கூப்பிடுறான்னு எப்படித் தெரியும்? சம்பளப் பதிவேடு செக்ரோல்ல இப்படித்தானே எழுதுறோம். போன்லயும் அப்படியே போட்டேன், இது மாத்துனதா?"

மேற்கோள் குறிக்குள் இருக்கும் பெயரில் அரைப்புள்ளி வரலாம் என்பது விதி. பெயரில் யார் அதைப் போடப்போகிறார்கள் என்று அதற்கான சோதனையை நிரலில் எழுதாமல் விட்டது நான்தான்.

அப்பாவின் பழைய தோட்ட ஆஸ்பத்திரி அட்டை இன்னும் என் மேசை டிராயரில் கிடக்கிறது. அதில் அவர் பெயருக்குப் பின்னாலும் ஓர் அரைப்புள்ளி, ஒரு டிவிசன் எண்.